ராக்கெட்டில் மிச்சமாகும் எரிபொருள் என்ன ஆகும்?

2001 அக்டோபர் 22ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி3 ராக்கெட் கிளம்பியது. உள்ளே மூன்று செயற்கைக்கோள்கள். நம் நாட்டின் டெஸ், ஜெர்மனியின் பேர்டு, ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ப்ரோபா. முதல் இரண்டும் ஒரே பாதையில் இறங்கின. ப்ரோபாவுக்கு மட்டும் கொஞ்சம் உயரமான, நீள்வட்டப் பாதை வேண்டும். அதனால் ராக்கெட்டின் கடைசிப் பகுதியான நான்காம் அடுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொடுத்து அதையும் இறக்கிவிட்டது. ஒரே பஸ், இரண்டு ஸ்டாப். மூன்று பயணிகளும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த நான்காம் அடுக்கை யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்? பயணிகள் இறங்கியாச்சு, டிரைவர் இல்லை, பஸ் காலி. அது பாட்டுக்கு சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

58 நாள் கழித்து, டிசம்பர் 19ம் தேதி, அந்தக் காலி பஸ் வெடித்துச் சிதறியது!

350க்கும் மேற்பட்ட துண்டுகள். அதுவும் தரையிலிருக்கும் ரேடார்கள் பார்த்து, எண் கொடுத்துப் பட்டியலில் சேர்க்கும் அளவுக்குப் பெரிய துண்டுகள் மட்டும். யாரும் சுடவில்லை. எஞ்சின் ஓடவில்லை. டேங்கில் மிச்சமிருந்த எரிபொருள்தான் காரணம் என்பது நிபுணர்களின் விளக்கம்.

இங்கே இரண்டு கேள்வி வர வேண்டும். வேலை முடிந்த ராக்கெட்டில் எரிபொருள் எப்படி மிச்சம் இருந்தது? காற்றே இல்லாத இடத்தில் அது எப்படி வெடித்தது?

காலி என்று யார் சொன்னது?

ராக்கெட் தன் எரிபொருளைக் கடைசிச் சொட்டு வரை எரிக்கும் என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். கடைசி அடுக்கில் அப்படி நடப்பதில்லை. செயற்கைக்கோளுக்குத் தேவையான வேகம் வந்ததும் ராக்கெட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் எஞ்சினை நிறுத்திவிடும். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்கு இரண்டாம்பட்சம். வேகம் ஒரு பொடி அதிகமானாலும் பாதை மாறிவிடும்.

அடுத்தது, கையிருப்பு. கீழ் அடுக்குகள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவாகத் தள்ளிவிட்டால் கடைசி அடுக்குதான் அதைச் சரிக்கட்ட வேண்டும். அதற்காகக் கொஞ்சம் அதிகமாகவே நிரப்பி அனுப்புவார்கள். எல்லாம் திட்டப்படி நடந்தால் அந்தக் கையிருப்பு அப்படியே மிஞ்சும். அதாவது, ராக்கெட் எவ்வளவு நன்றாகப் பறக்கிறதோ அவ்வளவு மிச்சம் இருக்கும்.

மூன்றாவது காரணம் சுவாரசியமானது. டேங்கில் இருப்பது ஒரு திரவம் இல்லை, இரண்டு. எரிபொருள் ஒன்று, அதை எரிய வைக்கும் ஆக்சிடைசர் ஒன்று. இரண்டும் ஒரே நொடியில் தீராது. சாதமும் சாம்பாரும் ஒரே நேரத்தில் தீர்ந்த கதை எந்த வீட்டிலாவது உண்டா? ஒன்று முடியும்போது இன்னொன்று மிஞ்சும். இது போதாதென்று குழாய்களிலும் வளைவுகளிலும் ஒட்டிக்கொண்டு வெளியே வராத கொஞ்சம் வேறு.

பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் அடுக்கு சுமார் 2 முதல் 2.5 டன் திரவத்தைச் சுமக்கும். நூற்றுக்கு இரண்டு பங்கு மிஞ்சியது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் 40, 50 கிலோ வரும். இரண்டு மூட்டை அரிசி கனம். நினைத்துப் பார்த்தால் சின்ன அளவுதான். ஆனால் அது என்ன சரக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தீக்குச்சி தேவைப்படாத ஜோடி

காற்று இல்லாத இடத்தில் எதுவும் எரியாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது மெழுகுவர்த்திக்குச் சரி. ராக்கெட் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தூக்கிக்கொண்டு போகிறது. ஆக்சிடைசர் என்பது அதுதான்.

நான்காம் அடுக்கில் எரிபொருளாக இருப்பது மோனோமெதில் ஹைட்ரசீன். ஆக்சிடைசராக இருப்பது நைட்ரஜன் டெட்ராக்சைடும் கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடும் சேர்ந்த கலவை. இந்த ஜோடிக்குத் தீக்குச்சியோ ஸ்பார்க் பிளக்கோ தேவையில்லை. இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டால் போதும், அந்த நொடியே பற்றிக்கொள்ளும். எஞ்சினை விண்வெளியில் நிறுத்தி நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டுமென்றால் இதைவிட நம்பகமான ஜோடி கிடையாது. ப்ரோபாவுக்காகப் பாதையை மாற்ற முடிந்ததற்கு இந்தக் குணமும் ஒரு காரணம்.

திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இந்த எஞ்சின்களை ஓட்டிச் சோதிக்கிறார்கள். 2024 மே 9ம் தேதி முப்பரிமாண அச்சு முறையில் செய்த நான்காம் அடுக்கு எஞ்சின் ஒன்றை அங்கே 665 நொடி ஓட்டிப் பார்த்தார்கள். 14 பாகங்கள் சேர்ந்து செய்த வேலையை ஒரே பாகமாக அச்சடித்திருந்தார்கள். எஞ்சின் மாறினாலும் திரவங்கள் அதே ஜோடிதான்.

நைட்ரஜன் டெட்ராக்சைடுக்கு இன்னொரு குணம் உண்டு. சாதாரண காற்றழுத்தத்தில் அது கொதிப்பது 21 டிகிரியில்! கத்திரி வெயிலில் விருத்தாசலத்தில் ஒரு பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் அடுப்பே இல்லாமல் கொதித்து, செம்பழுப்பு நிறப் புகையாகப் போய்விடும். (யாரும் முயற்சி செய்ய வேண்டாம், கொடிய விஷம்.) அதை டேங்கில் போட்டு இறுக மூடினால் வெளியே வர முடியாத ஆவி சுவரை அழுத்தும். சூடு 50 டிகிரிக்குப் போனால் அந்த அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேலே போகும்.

மூடிய டேங்கின் உள்ளே

விண்வெளி ரொம்பக் குளிர், அதனால் மிச்சமிருப்பது உறைந்து கல்லாகிவிடும் என்று தோன்றும். அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். குளிர் காலத்தில் நம் வீட்டுப் பால் ஆறிப்போவது, சுற்றியிருக்கும் காற்று சூட்டை வாங்கிக்கொண்டு போவதால். அங்கே காற்று இல்லை. பிளாஸ்க் சுவரில் வெற்றிடம் வைப்பது எதற்காகவோ அதே கதைதான். சூடு கதிர்வீச்சாக மட்டுமே போக முடியும், அது மெதுவான வேலை.

வெயில் படும் பக்கம் நன்றாகச் சூடேறும். பூமியின் நிழலுக்குள் போனால் ஆறும். மறுபடி வெயில். அந்த உயரத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 15 சுற்று. 58 நாளில் 800 தடவைக்கு மேல் அந்த அடுக்கு சூடாகி ஆறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் உலோகம் விரிந்து சுருங்கும். வெல்டிங், வால்வின் வாஷர், குழாய் இணைப்பு எல்லாவற்றுக்கும் சோதனை.

உள்ளே திரவம் எங்கே இருக்கும்? அடியில் என்று சொல்ல முடியாது. எடையற்ற நிலையில் அடி, மேல் எதுவும் கிடையாது. திரவம் பரப்பு இழுவிசையால் சுவர் முழுக்கப் படர்ந்து ஒட்டிக்கொள்ளும், மூலைகளில் சேரும், உருண்டையாக மிதக்கும். அதாவது வெயில் பட்டுச் சூடான சுவர் எங்கே இருந்தாலும் அதைத் தேடிப்போய்த் தொடும். இதற்கு மேல், திரவத்தை எஞ்சினுக்குத் தள்ளுவதற்கென்று அடைத்த ஹீலியம் வாயு. எஞ்சின் நின்ற பிறகும் அதன் அழுத்தம் உள்ளேதான் இருக்கும்.

இனி நடக்கக்கூடியது இரண்டு. அழுத்தம் கூடிக்கூடி டேங்க் கிழியலாம். அல்லது எங்கோ ஒரு வால்வு கசிந்து, ஒரு சுவர் விரிசல் விட்டு, இரண்டு திரவமும் சந்திக்கலாம். இரண்டாவது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

கம்மாபுரத்துக்காரருக்குத் தெரிந்த சங்கதி

கம்மாபுரம், விருத்தாசலம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். விருத்தாசலம் பீங்கான் ஊர். பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை என்று சூளையில் வேகாத சாமான் இல்லை. அந்தத் தொழிலில் இருப்பவருக்கு முதலில் தெரியும் பாடம், ஈரம் காயாத பொம்மையைச் சூளையில் வைக்கக்கூடாது என்பது. வெளியே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஒளிந்திருக்கும். சூடேறியதும் அது நீராவியாகும், போக வழியில்லாமல் பொம்மையை உடைக்கும். உடைவது அந்த ஒன்று மட்டும் இல்லை. தெறிக்கும் சில்லு பக்கத்தில் அடுக்கிய பொம்மைகளையும் கெடுக்கும்.

உள்ளே கூடாக இருக்கும் பொம்மைக்கு அடியில் ஒரு ஓட்டை விடுவதும் இதற்காகத்தான். வாங்கிப்போகிறவர் அதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த ஓட்டை இல்லாவிட்டால் பொம்மை கடைக்கே வந்திருக்காது.

பி.எஸ்.எல்.வி.-சி3யின் நான்காம் அடுக்கு, ஓட்டை விடாமல் சூளைக்குப் போன பொம்மை.

திறந்துவிட்டால்?

சரி, வால்வைத் திறந்துவிட்டால் திரவம் என்ன செய்யும்? இதுதான் இந்த விஷயத்திலேயே அழகான இடம்.

ஊட்டியில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் குறையும். அழுத்தமே இல்லாத இடத்தில் எந்தத் திரவமும் வெளியே எட்டிப்பார்த்த உடனே கொதிக்கும். ஆனால் கொதிப்பதற்குச் சூடு வேண்டும். அடுப்பு இல்லை. அதனால் திரவம் தன் சூட்டையே எடுத்துச் செலவு செய்யும். வியர்வை காயும்போது உடம்பு சில்லென்று ஆகிறதே, அதே வேலைதான், பல மடங்கு வேகத்தில். ஒரு பங்கு ஆவியாகப் பறக்கும், மீதி அந்தக் குளிரில் பனித்துகளாக உறையும். ஒரே திரவம் ஒரே நேரத்தில் கொதிக்கவும் செய்கிறது, உறையவும் செய்கிறது!

அந்தப் பனித்துகள்கள் வெயிலில் மின்னும். 2023 ஜனவரி 18ம் தேதி ஹவாய் தீவின் மௌனா கேயா மலை உச்சியில் இருக்கும் கேமராவில் வானத்தில் நீல நிறச் சுருள் ஒன்று பதிவானது. 2025 மார்ச் 24ம் தேதி இரவு ஐரோப்பாவின் பல நாடுகளில் அதே மாதிரி சுருளைப் பார்த்து ஜனங்கள் வேற்றுக்கிரகவாசி என்றெல்லாம் பேசினார்கள். இரண்டும் ஃபால்கன் 9 ராக்கெட்டின் மேல் அடுக்கு சுழன்றுகொண்டே மிச்சத்தை வெளியே விட்டதால் வந்த கோலம். பூமியில் இரவு, அந்த உயரத்தில் மட்டும் வெயில். அதனால் அவ்வளவு பிரகாசம்.

திறந்துவிடுவது என்றால் குழாயைத் திருகுவது போலச் சுலபம் இல்லை. வெளியே பீறிடும் ஆவி ஒரு குட்டி எஞ்சின் மாதிரி அடுக்கைத் தள்ளும். ஒரு பக்கமாக விட்டால் அடுக்கு தறிகெட்டுச் சுழலும், இப்போதுதான் இறக்கிவிட்ட செயற்கைக்கோள் மேலேயே போய் இடிக்கலாம். உறைந்த துகள் வாயிலையே அடைத்துக்கொள்ளலாம். எரிபொருளும் ஆக்சிடைசரும் வெளியே சந்தித்துவிடாமல் தனித்தனியாகவும் விட வேண்டும். இதையெல்லாம் ராக்கெட்டை வரையும்போதே யோசித்து வைத்தால்தான் உண்டு. மேலே போன பிறகு யோசிக்க முடியாது. இப்படி மிச்சத்தை வெளியேற்றி, அழுத்தத்தை இறக்கி, பேட்டரியையும் தீர்த்துவிட்டு அடுக்கைச் சாதுவாக்குவதற்கு பாசிவேஷன் என்று பெயர்.

தெரிந்தும் நடந்தது

இது 2001ல் உலகத்துக்குப் புதுச் செய்தி கிடையாது. முதல் வெடிப்பு 1961 ஜூன் 29ம் தேதியே நடந்துவிட்டது. டிரான்சிட் 4ஏ செயற்கைக்கோளைக் கொண்டுபோன அமெரிக்காவின் ஏபிள்ஸ்டார் அடுக்கு, இறக்கிவிட்டு ஒன்றே கால் மணி நேரத்தில் வெடித்துச் சுமார் 300 துண்டானது. அதற்கு முன்னால் பூமியைச் சுற்றிய பொருட்களின் மொத்த எண்ணிக்கையே அவ்வளவு இல்லை. 1970களில் அமெரிக்காவின் டெல்டா ராக்கெட்டின் இரண்டாம் அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. சில, ஏவி ஆண்டுக்கணக்கான பிறகு! காரணத்தைக் கண்டுபிடித்து, வேலை முடிந்ததும் மிச்சத்தை எரித்துத் தீர்க்கும் பழக்கம் கொண்டுவந்த பிறகுதான் அந்த வெடிப்புகள் நின்றன.

1986 பிப்ரவரியில் ஸ்பாட் 1 செயற்கைக்கோளை ஏற்றிச்சென்ற ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கு, அதே ஆண்டு நவம்பரில் வெடித்தது. கிட்டத்தட்ட 500 துண்டுகள். பத்து ஆண்டு கழித்து, 1996 ஜூலை 24ம் தேதி, அதில் ஒரு துண்டு செரீஸ் என்ற பிரெஞ்சு செயற்கைக்கோள் மேல் மோதி, நிலையாக நிற்பதற்காக நீட்டி வைத்திருந்த கம்பத்தை வெட்டிவிட்டது. ஐரோப்பிய ராக்கெட்டின் குப்பை, அதே ஐரோப்பாவின் பிரெஞ்சு செயற்கைக்கோள். சூளையில் தெறித்த சில்லு பத்து வருஷம் கழித்துப் பக்கத்துப் பொம்மையைத் தாக்கின மாதிரி.

இஸ்ரோ பாடத்தை உடனே படித்தது. அடுத்த பறப்பே 2002 செப்டம்பர் 12ம் தேதி போன பி.எஸ்.எல்.வி.-சி4. மெட்சாட் என்ற வானிலை செயற்கைக்கோளை ஏற்றிச்சென்றது. கல்பனா சாவ்லா மறைந்த பிறகு 2003ல் கல்பனா-1 என்று பெயர் மாறியதே, அதுதான். அந்தப் பறப்பிலிருந்து மிச்ச எரிபொருளை வெளியேற்றும் ஏற்பாடு நான்காம் அடுக்கின் வடிவமைப்பிலேயே சேர்ந்துவிட்டது. விண்வெளிக் குப்பையைக் குறைக்கும் நெறிமுறைகளை ஐ.நா. ஏற்றுக்கொண்டது 2007ல்தான். இஸ்ரோ அதற்கு ஐந்து ஆண்டு முன்பே செய்துவிட்டது.

சந்திரயான்-3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து விழுப்புரத்துக்காரர் ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த பயணம் என்பதால் நம் பக்கத்தில் அதைப் பார்க்காத வீடில்லை. 2023 ஜூலை 14ம் தேதி அதை ஏற்றிவிட்ட எல்.வி.எம்.3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் அடுக்கை யாராவது நினைத்தார்களா? அதன் மிச்சத்தையும் வெளியேற்றிச் சாதுவாக்கித்தான் விட்டார்கள். 124 நாள் சுற்றிவிட்டு நவம்பர் 15ம் தேதி காற்று மண்டலத்தில் நுழைந்தது. 2024 ஜனவரி 1ம் தேதி கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி58 இன்னும் ஒரு படி மேலே போனது. மிச்ச எரிபொருளை வைத்தே தன் நான்காம் அடுக்கை 650 கி.மீ.யிலிருந்து 350 கி.மீ.க்கு இறக்கி, மீதியை வெளியேற்றி, அதையே போயம்-3 என்ற ஆய்வு மேடையாகப் பயன்படுத்தி, மார்ச் 21ம் தேதி வட பசிபிக் கடலுக்கு மேலே முடித்துவைத்தார்கள். 2001ல் ஆபத்தாக இருந்த அதே மிச்சம், 2024ல் வீடு திரும்பும் பஸ் செலவு ஆனது.

எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 2022 நவம்பரிலும் 2024 ஆகஸ்டிலும் சீனாவின் லாங் மார்ச் 6ஏ ராக்கெட்டின் மேல் அடுக்குகள் வேலை முடிந்த பிறகு உடைந்து நூற்றுக்கணக்கான துண்டுகளாயின. 2030லிருந்து இந்தியாவின் எந்தப் பயணமும் குப்பை விடாது என்ற இலக்கை இஸ்ரோ 2024ல் அறிவித்திருக்கிறது. அரசு, தனியார் இரண்டுக்கும் சேர்த்து. ஏவுகிறவர்கள் எண்ணிக்கை கூடும் நேரத்தில் இது கஷ்டமான வாக்குறுதிதான்.

அந்தத் துண்டுகள்

2001ல் சிதறிய துண்டுகளில் பெரும்பாலானவை கீழே இறங்கி எரிந்துவிட்டன. காற்று மண்டலத்தின் மெல்லிய விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக அவற்றை இழுத்துக்கொண்டது. ஆனால் சில டஜன் இன்னும் மேலே சுற்றுகின்றன. நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் ஒரு நட்டு கூடக் குண்டுதான். அதே உயரங்களில்தான் நம் நாட்டின் பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களும் ஓடுகின்றன. மற்ற பொருட்களோடு மோதாமல் இருக்க இஸ்ரோ தன் செயற்கைக்கோள்களை 2023ல் மட்டும் 23 முறை ஒதுக்கி ஓட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை ஒதுங்கவும் செயற்கைக்கோளின் எரிபொருள் செலவாகும், அதன் ஆயுள் அந்த அளவுக்குக் குறையும். ஆக, யாரோ ஒரு காலத்தில் வெளியேற்றாமல் விட்ட எரிபொருளுக்கு, இன்று வேறு ஒருவர் எரிபொருளால் வட்டி கட்டுகிறார்.

சி3யை வடிவமைத்தவர்கள் திறமையில் குறைந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ப்ரோபா இரண்டு ஆண்டு வேலைக்கென்று போய், இருபது ஆண்டு தாண்டியும் படம் அனுப்பியது. இறக்கிவிட்ட வேலை அவ்வளவு சுத்தம். இறக்கிவிட்ட பிறகு என்ன என்ற கேள்விக்குத்தான் அன்று ஒரு வால்வு இல்லை. இன்று கல்லூரியில் படிக்கும் பலருக்கு அந்தத் துண்டுகளைவிட வயது குறைவு. அடுத்த ராக்கெட்டை வரையப்போவதும் அவர்கள்தான். வரைபடத்தில் முதலில் அந்த ஓட்டையைப் போட்டுவிட்டு மற்றதை ஆரம்பிக்கட்டும்.